குழந்தையின் தாளில் நம் பேனா

என் பத்து வயது மகள் சிறுவர் பத்திரிகைக்கு அனுப்பவெனத் தமிழில் ஒரு கதை எழுதினாள். பிளாட்பாரத்தில் தேநீர் விற்கும் கிழவரைப் பற்றியது. ‘ழ’வும் ‘ள’வும் இடம் மாறிக் கிடந்தன. திருத்தத் தொடங்கிய நான் பிழையோடு நின்றேனா? உவமைகளைச் சேர்த்தேன், முடிவையும் மாற்றினேன். படித்துப் பார்த்த குழந்தை, “நன்றாயிருக்கிறது அப்பா, உங்கள் பெயரையே போட்டு அனுப்புங்கள்” என்றாள். வெட்கித் தலைகுனிந்தேன்.

நம் டில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் தொடங்கிய குழந்தைகள் போட்டிக்கு, உலகெங்கிலுமிருந்து ஓவியமும் எழுத்தும் வந்து குவிந்தன. அங்கே வேண்டப்பட்டது குழந்தையின் கோடு. பெரியவரின் கைத்திறன் அன்று.

அன்பர்களே, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுதல், பெயரும் வயதும் குறித்தல், பிரதி வைத்துக்கொள்ளுதல், சித்திரத்தை மடிக்காது அனுப்புதல் ஆகியவற்றைக் கற்பிப்போம். அதற்குமேல் நம் பேனா செல்ல வேண்டாம். பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளை தானே எழுத முன்வருகையில், அந்தக் கை அஞ்சிப் பின்வாங்கலாகாது.

எழுத்துப் பிழைகளை அவளே அகராதி பார்த்துத் திருத்தினாள். அவளுடைய முடிவோடேயே கதை தபாலேறிற்று. பிரசுரமாகுமா, அறியேன், அவளோ அடுத்த கதையைத் தொடங்கிவிட்டாள்.