பயறு சாகுபடிக்கு இரு உரமும் வேண்டும்

பயறு வகைகளுக்கு ரசாயன உரமே போதும் என்பார் ஒரு சாரார். ரசாயனத்தை அறவே விலக்கி உயிர் உரத்தையே நம்ப வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியாருக்கும் இடையில், உளுந்தும் பாசிப்பயறும் பயிரிடும் நமது அங்கத்தினர்கள் திகைத்து நிற்கின்றனர். இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பதும், அதற்கு வழி செய்யும் பொறுப்பு கூட்டுறவுச் சங்கங்களையே சாரும் என்பதும் நமது கருத்து.

காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தழைச்சத்தே. ஆயினும் பயிர் அதை நேராக உண்ண இயலாது. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரே அதைப் பயிருக்கு உணவாக்கித் தருகிறது. 1880களில் ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் இவ்வுண்மையை நிலைநாட்டினர். 1888இல் ஹாலந்து தேசத்து பெய்ஜரிங்க் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார்.

அங்ஙனமாயின் ரசாயன உரம் எதற்கு? அந்நுண்ணுயிர் வேலை செய்வதற்கே மணிச்சத்து வேண்டும் என்பதே விடை. பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தருமேயன்றி, இல்லாததை உண்டாக்காது. மறுபுறம், யூரியாவை அள்ளி இறைத்தால் வேர் முடிச்சு விடுவது குறைந்துபோகும். கேளாமலே சோறு கிடைக்கும் வீட்டில் உழைப்பவர் யார்? செடி தழைக்கும், காய் குறையும்.

இறவை உளுந்துக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 25, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 25 கிலோ என்பதும், மானாவாரிக்கு அதில் பாதி என்பதும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் தழைச்சத்து 9 கிலோவும் மணிச்சத்து 23 கிலோவும் உள்ளன. ஆகவே, இறவையில் ஏக்கருக்கு ஒரு மூட்டையே ஏறக்குறைய இவ்விரு சத்துகளின் தேவையையும் நிறைவு செய்யும். அதற்கு மேல் யூரியா இடுவது வீண் செலவு.

நெசவாளத் தோழர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவதுபோல், விதைக்கும் கஞ்சி வேண்டும். ஹெக்டேருக்கு வேண்டிய விதையுடன் 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் மூன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி, நிழலில் அரைமணி உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். பூசணக்கொல்லி இடுவதாயின் அதை ஒரு நாள் முன்னதாக முடித்துவிட வேண்டும். ரசாயன உரத்தோடு நுண்ணுயிரை ஒரே கூடையில் கலத்தல் கூடாது. காவிரிப் பாசனப் பகுதியில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பு நின்ற பயிரிலேயே உளுந்து தெளிப்பவர்கள் அடியுரம் இட இயலாது. அவர்களுக்கு இவ்விதை நேர்த்தியும், பூக்கும் தருணத்தில் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலுமே கதி.

இத்தனை எளிதாயிருந்தும், "பொட்டலம் வாங்கினோம், பயனில்லை" என்று அங்கத்தினர் குறைகூறக் காரணம் என்ன? சங்கக் கிடங்குகளை நாம் தணிக்கை செய்கையில் இதற்கு விடை கிடைக்கிறது. தகரக் கூரையின் கீழ், யூரியா மூட்டைகளின் மேலேயே பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் காலாவதித் தேதி கடந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006இல் உயிர் உரங்களும் சேர்க்கப்பட்டன. தூள் வடிவ ரைசோபியத்தில் கிராமுக்கு 5 கோடி உயிரணுவேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. வெயிலில் வெந்த பொட்டலத்தில் அவ்வளவு உயிர் எங்கே இருக்கும்? செத்த சரக்கை உர மூட்டையோடு கட்டாயமாகத் தலையில் கட்டுவது வியாபாரமாகலாம், கூட்டுறவு ஆகாது.

ஆகவே, நிர்வாகக் குழுவினர் செய்யத்தக்கவை இவை: விதைப்புக்கு முன்பே அங்கத்தினரிடம் தேவையைக் கேட்டு, அந்த அளவுக்கே கொள்முதல் செய்க. குளிர்ந்த நிழலில் தனியே வைக்க. காலாவதித் தேதியை இருப்புப் பதிவேட்டில் எழுதுக. கட்டாய விற்பனையை நிறுத்துக.

அங்கத்தினர்களும் வாளாவிருத்தல் ஆகாது. விதைத்த முப்பதாம் நாள் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து வேரைக் கழுவி, ஒரு முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருந்தால் நுண்ணுயிர் உழைக்கிறது. இல்லையேல் அச்செடியையே சங்கத்துக்கு எடுத்துச் சென்று காரணம் கேளுங்கள். கேட்கும் உரிமை பங்குதாரராகிய உங்களுக்கு உண்டு. தை மாதத் தெளிப்புக்கு வேண்டிய பொட்டலங்களைப் பற்றி மார்கழிக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.