உங்க வீட்டுக்கு மேல எந்த ஏரி... கீழ எந்த ஏரி?

மழை விட்டு ரெண்டு நாளாச்சு, வெயில்கூட அடிக்குது. ஆனா, தெருவுல நிக்குற தண்ணி மட்டும் வடியலை. 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் குடியிருந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. 'இவ்வளவு தண்ணி எங்கேயிருந்துதான் வருது?' என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

பதில், மேலே இருக்கும் ஏரிகளில் இருக்கிறது. தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல, ஒரு சங்கிலி. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அடுத்து கீழ்க்கட்டளை, அதற்கடுத்து நாராயணபுரம், கடைசியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலம். ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. இப்படி 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும்.

சங்கிலி எங்கே அறுந்தது?

முதலில், ஏரிகளை இணைக்கும் கால்வாய்கள். வீடும் ரோடும் வந்ததில் பல இடங்களில் அவை சாக்கடை அகலத்துக்குச் சுருங்கிவிட்டன.

இரண்டாவது, நாம் கவனிக்காத விஷயம். முன்பு மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சினார்கள். அதனால் கோடையில் ஏரி காலியாகி, ஐப்பசி மழைக்கு இடம் இருந்தது. இன்று வயல் இருந்த இடத்தில் நகர்கள். ஏரிக்கோ வருஷம் முழுக்கக் கழிவுநீர். ஏற்கெனவே ததும்பி நிற்கிற ஏரி மழையை எங்கே வாங்கிவைக்கும்?

மூன்றாவது, கடைசிக் கண்ணியான சதுப்புநிலம். சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த கழுவெளி அது. குப்பைமேடும், கட்டடங்களும், சாலைகளும் தின்றதுபோக மிச்சமிருப்பது சிறு பகுதிதான்.

2022-ல் பள்ளிக்கரணையில் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. எல்லையை அளந்து முடிக்கும்வரை அதற்குள்ளும், சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமான அனுமதி தர வேண்டாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025-ல் உத்தரவிட்டது. ரெண்டுமே நல்ல செய்திதான். ஆனால், சதுப்புநிலத்துக்கு மட்டும் வேலி போட்டால் போதாது. அதேபோல, ஏரியைத் தூர்வாரி, கரையில் நடைபாதையும் பெஞ்சும் போட்டுவிட்டு, வரத்துக்கால்வாயையும் கலங்கலையும் விட்டுவிட்டால் அது ஏரி இல்லை... பெரிய தொட்டி!

வீடு வாங்கப் போறீங்களா? 'லேக் வியூ' என்ற விளம்பரத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. சர்வே எண்ணை வாங்கி, புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்க. பக்கத்தில் ஓடை, வாய்க்கால், ஏரி என்று இருந்தால், அது இப்போ எந்த நிலைமையில இருக்குன்னு நேரில் போய்ப் பாருங்க. ஏற்கெனவே குடியிருப்பவரா? குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மழைநீர் வடிகாலோடு நிறுத்தாமல், 'நம்ம ஏரியோட கலங்கல் எங்கே, அந்தத் தண்ணி எந்த வழியா அடுத்த ஏரிக்குப் போகுது?' என்றும் கேளுங்க. அந்த வழியை நாம மறந்தாலும், தண்ணி மறக்காது.