தளி ரோஜாவின் எடைக்குப் பின்னால் ஒரு வடைக் கணக்கு!

ஓசூர் பக்கம் தளி வட்டாரத்தில் பூ விவசாயம் பிரபலம். பட்டன் ரோஜா, சாமந்தி போன்ற உதிரிப்பூக்கள் கிலோ கணக்கில்தான் விலை போகின்றன. தராசு கொஞ்சம் குறைத்துக் காட்டினாலும் நஷ்டம் விவசாயிக்குத்தான். சரி, ‘ஒரு கிலோ’ என்பது எவ்வளவு என்று முடிவு செய்வது யார்?

1889 முதல் அதைச் சொன்னது, பாரிஸ் அருகே பூட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு பிளாட்டினம் - இரிடியம் உருளை. சுமார் நூறு வருஷம் கழித்து அதன் நகல்களோடு ஒப்பிட்டால், 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம்! எது கூடியது, எது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எடைக்கல்லே மாறினால் எதை நம்புவது?

மாறாத ஒன்று 1980-லேயே கிடைத்திருந்தது. ஜெர்மனி விஞ்ஞானி கிளாஸ் வான் கிளிட்சிங், ஒரு சிலிக்கான் கருவியில் காகிதம் போன்ற மெல்லிய பரப்பில் மட்டும் எலெக்ட்ரான்களை ஓடவிட்டார். கடும் குளிர், வலுவான காந்தப்புலம். அப்போது மின்தடை மாடிப்படி போல மாறியது. முதல் அளவு 25,812.807 ஓம். மற்றவை அதை 2, 3, 4 என வகுத்தால் வருபவை. கருவியின் வடிவம் மாறினாலும், உள்ளே அழுக்கு இருந்தாலும் அதே எண்கள்!

எப்படி? 1982-ல் டேவிட் தவ்லஸ் குழு விளக்கியது. ஓர் உளுந்து வடையை அமுக்குங்கள், ஓரத்தைக் கொஞ்சம் பிய்த்துச் சாப்பிடுங்கள். ஓட்டை ஒன்றுதான்; ஒன்றேகால் ஆகாது. எலெக்ட்ரான் அலைகளுக்குள்ளும் இப்படி முழு எண்ணாக மட்டுமே வரும் ஒரு கணக்கு இருக்கிறது. சின்னச் சின்னக் குறைகளால் அதை அசைக்க முடியாது. இந்த வடைக் கணக்குக்குப் பெயர் டோபாலஜி. 2016-ல் தவ்லஸ், ஹால்டேன், கோஸ்டர்லிட்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 2005-லேயே, ஒரே ஓர் அணு தடிமன் கொண்ட கிராஃபீன் படிகத்திலும் இதே மாதிரி மாடிப்படிகள் தெரிந்துவிட்டன.

2019 மே 20 முதல் கிலோவுக்கு உருளை தேவையில்லை. பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்தான் அளவு. அந்த எண்ணிலிருந்து எடையைக் கண்டுபிடிக்கும் கிப்பிள் தராசில், மின்தடையைத் துல்லியமாகச் சொல்வது அந்த மாடிப்படிதான்.

இந்தியாவில் இந்த மூல அளவுகளைப் பாதுகாப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கிருந்து கைமாறி வரும் நம்பிக்கைதான் கடைத் தராசில் குத்தப்படும் அரசு முத்திரை. அடுத்த முறை பூ வாங்கினாலும் விற்றாலும், முத்திரை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்!