கேபிள் வந்தது, கைகள் போயின

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடியில் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்து வைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கி.மீ. செலவு ரூ. 1,224 கோடி. போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களும் இணைந்தன. அதற்கு ஆறு மாதம் முன்பு, ஜனவரி 31 அன்று, இதே கேபிளைப் போடும் பொறுப்பை ஏற்றிருந்த பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து நாடு முழுவதும் 78,569 ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தார்கள். எல்லோரும் 50 வயதை எட்டியவர்கள். தொலைத்தொடர்பு டெக்னீஷியனாக விரும்பும் தீவு இளைஞர் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கேபிள் வருவதற்கு முன் தீவுகளுக்குச் செயற்கைக்கோள்தான் கதி. 36,000 கி.மீ. மேலே போய் இறங்கும் சிக்னல். போனில் கேள்வி கேட்டால் பதில் காதில் விழ அரை விநாடி ஆகும். இன்டர்நெட்டோ நத்தை வேகம். அந்தக் காலத்து டெக்னீஷியனின் உலகம் டிஷ் ஆன்டெனா, மோடம், பாட்டரி, ஜெனரேட்டர் என்று ஒரே வளாகத்துக்குள் அடங்கிவிட்டது. இப்போது அவருடைய வேலை சாலையோரத்துக்கு வந்துவிட்டது. கடலுக்குள் கேபிள் அறுந்தால் அதற்கென்று தனிக் கப்பல் வர வேண்டும். உள்ளூர்க்காரர் செய்வதற்கு ஒன்றுமில்லை. கரையேறிய கேபிள் எக்ஸ்சேஞ்சுக்கும் டவருக்கும் வீட்டுக்கும் போகும் வழியில் அறுந்தால் கதை வேறு. சாலை அகலப்படுத்த வந்த ஜே.சி.பி.யின் ஒரு கொத்து போதும், ஒரு பகுதியே மௌனமாகிவிடும்.

அதை ஒட்டுவது பார்ப்பதற்குத் தையல்காரர் ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி இருக்கும். இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி ஓடுவது அதன் நடுவே உள்ள 0.009 மி.மீ. பாதையில். மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் வைத்தால் மின்பொறி இரண்டு முனைகளையும் உருக்கி ஒன்றாக்கும். மெஷின் கெட்டிக்காரத்தனமானது, நேராக்குவதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் துடைத்த விரலில் வியர்வை இருந்தாலோ, வெட்டு ஒரு டிகிரி சாய்ந்தாலோ ஒளி அங்கேயே கசியும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை கொட்டும் ஊரில், தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய வேண்டும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று பன்னிரண்டு நிறங்களின் வரிசை தூக்கத்திலும் மறக்கக்கூடாது. கையில் குத்திய இழைத் துணுக்கு கண்ணுக்கே தெரியாது. உள்ளே ஓடும் ஒளியும் கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று முனையை உற்றுப் பார்ப்பவருக்குக் கண் போகலாம்.

இவ்வளவையும் ஒரு நல்ல ஆசிரியர் சில வாரங்களில் கற்றுத்தந்துவிடலாம். கற்றுத்தர முடியாதது ஒன்று உண்டு: எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது.

அதற்கும் ஒரு கருவி இருக்கிறது. ஓ.டி.டி.ஆர். என்பார்கள். இழைக்குள் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். இழைக்குள் ஒளியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பினால் அறுந்த இடம் 10 கி.மீ. தள்ளி. ஆனால் அது இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. கேபிளுக்குள் இழை சற்றுச் சுருண்டே கிடக்கும். ஒவ்வொரு ஜாயின்ட் குழியிலும் பின்னாளில் ஒட்டுவதற்கென்று சில மீட்டர் சுருட்டி வைத்திருப்பார்கள். ஆகவே கருவி சொன்ன இடத்தில் தோண்டினால் மண்தான் கிடைக்கும். நூறு மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். எந்தக் குழியில் எவ்வளவு சுருள், எந்த வளைவில் கேபிள் சாலையைக் கடந்து மறுபக்கம் போகிறது, எந்தக் கல் இடம் மாறிவிட்டது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு லைன்மேனின் மண்டையில் இருக்கும்.

முன்பு இலாகாவில் பயிற்சி என்பதே அந்த மண்டையிலிருந்து இந்த மண்டைக்கு மாற்றுவதுதான். வகுப்பறைகளும் இருந்தன: சென்னை மீனம்பாக்கம், ஜபல்பூர், காஸியாபாத். ஊழியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள், புதிய எக்ஸ்சேஞ்சைப் பற்றிப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பி வந்து மூத்தவரின் சைக்கிள் பின்னால் நாலைந்து வருடம் சுற்றிய பிறகே 'தெரிந்தவன்' என்று பெயர் கிடைத்தது. 2020இல் மூத்தவர்கள் மொத்தமாகப் போனார்கள். பராமரிப்பின் பெரும் பங்கு இன்று ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் கையில். ஒப்பந்தம் கைமாறினால் ஆட்களும் மாறுவார்கள். மண்டையில் இருப்பதை யார் யாருக்கு ஒப்படைப்பது?

இந்த நிலையில் பத்தாம் வகுப்பு முடித்த தீவு மாணவருக்கு என்ன வழி? ஐ.டி.ஐ.களில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் இரண்டு வருடப் படிப்பு. போர்ட் பிளேரில் டாலிகஞ்சில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, அந்தந்த ஆண்டு என்னென்ன பிரிவுகளில் இடம் உண்டு என்று நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒருபடி மேலே போக, பஹார்காவ்னில் உள்ள டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிக்கலாம். இழை ஒட்டுவதற்கும் டவர் பராமரிப்புக்கும் தொலைத்தொடர்புத் துறைத் திறன் கவுன்சிலின் குறுகிய காலச் சான்றிதழ்கள் உள்ளன. சான்றிதழ் மட்டும் இருந்தால் நேர்முகத் தேர்வு வரை போகலாம். அதைவிட உருப்படியானது, 1961ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு கிடைக்கும் பயிற்சி. தொகை சொற்பம்தான். ஆனால் சேருமுன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஸ்பிளைசிங் மெஷினைத் தொட விடுவார்களா, இல்லை பார்க்க மட்டுமா?

தீவில் இந்த வேலைக்கு இன்னொரு முகம் உண்டு. சென்னையில் டவருக்கு ஒருவர், பவருக்கு ஒருவர், இழைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். கமோர்ட்டாவில் இருப்பவர் எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருந்தால்தான் பிழைப்பு நடக்கும். உப்புக் காற்று ஆன்டெனா கனெக்டரை அரிக்கும். 48 வோல்ட் பாட்டரி வரிசையில் ஒன்று படுத்தால் மற்றவையும் படுக்கும். டீசல் ஜெனரேட்டர் கிளம்பாவிட்டால் கார்பரேட்டரும் கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது. டீசல் லைனில் புகுந்த காற்றை அவரே எடுத்துவிட வேண்டும். உதிரிப் பாகம் அடுத்த கப்பலில்தான் வரும். அதுவும் கடல் அனுமதித்தால்.

2004 டிசம்பர் 26 காலை இதன் அர்த்தம் எல்லோருக்கும் விளங்கியது. நிலநடுக்கமும் சுனாமியும் கார் நிக்கோபாரையும் தெற்குத் தீவுகளையும் வெளியுலகிலிருந்து துண்டித்தன. அப்போது தற்செயலாக போர்ட் பிளேரில் ஓர் அமெச்சூர் ரேடியோக் குழு முகாமிட்டிருந்தது. அந்தமானிலிருந்து ஒலிபரப்ப நெடுங்காலத்துக்குப் பிறகு அரசு அனுமதி தந்திருந்தது. டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் அதற்குத் தலைமை. உலகெங்கும் உள்ள பொழுதுபோக்கு வானொலிக்காரர்களோடு பேச வந்தவர்கள், பெட்டியைத் திருப்பி நிவாரணச் செய்திகளையும் உறவினர் நலம் விசாரிப்புகளையும் அனுப்பத் தொடங்கினார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு ரேடியோ, ஒரு ஆன்டெனா, மின்சாரம், அவற்றை இயக்கத் தெரிந்த கைகள்.

அந்த ரேடியோவை இயக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். ஆன்டெனா, மின்சுற்று, அலைவரிசை, விதிமுறைகள் ஆகியவைதான் பாடம், ஐ.டி.ஐ. முதல் வருடத்தில் பயமுறுத்தும் அதே விஷயங்கள். முதல் நிலை லைசென்சுக்கு மோர்ஸ் தெரியவேண்டியதில்லை. எழுதக் குறைந்தபட்ச வயது 12.