புல் டெரியர் வாங்கலாமா?

நாய்க்குட்டி வேண்டுமென்று பிள்ளைகள் அடம் பிடிக்காத வீடு உண்டா, சொல்லுங்கள்? முன்பெல்லாம் தெருவில் கிடக்கும் குட்டி ஒன்றைத் தூக்கி வந்து, "பாவம்மா இது" என்று வாசலில் நிற்பார்கள். நாமும் இரண்டு அதட்டல் போட்டுவிட்டு, பழைய சாதத்தில் பாலை ஊற்றி வைப்போம். இப்போது அப்படியில்லை. பிள்ளைகள் ஜாதிப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். லாப்ரடார், பக், ஹஸ்கி என்று ஆரம்பித்து, எங்கள் குடும்பத்தில் புல் டெரியர் வரைக்கும் வந்துவிட்டது.

என் நாத்தனார் ஒருநாள் போன் செய்தாள். "அண்ணி, பெரியவன் பிறந்த நாளுக்கு புல் டெரியர் குட்டி வாங்கித் தரேன்னு இவர் வாக்குக் கொடுத்துட்டார். அட்வான்ஸ் கொடுக்கணும்னு நிக்கிறார். வேணும்னும் சொல்லத் தெரியலை, வேண்டாம்னும் சொல்லத் தெரியலை எனக்கு" என்றாள். அவள் வீட்டில் ஒன்பது வயதுப் பையன், ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, முழங்கால் வலியோடு மாமியார். இரண்டாவது மாடியில் ஃப்ளாட். பிறந்த நாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. "அட்வான்ஸ் மட்டும் இப்போ கொடுக்க வேண்டாம்னு சொல்லு. முதல்ல விசாரிப்போம்" என்றேன். அப்படி நாங்கள் விசாரித்ததைத்தான் இந்த முறை உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரலாம்.

எப்படிப்பட்ட நாய் இது?

முட்டையைப் படுக்க வைத்தது போல நீண்ட முகம், முக்கோணமாகச் சின்னக் கண்கள், கட்டுமஸ்தான உடம்பு. ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் 1860-களில் உருவாக்கிய ஜாதி. அந்தக் காலத்துச் சண்டை நாய்களையும், வெள்ளை டெரியரையும் கலந்து, பார்க்க அழகாக, வெள்ளை வெளேரென்று ஒரு நாய் வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டாராம். பழுப்பும் வரியும் கலந்த நிறங்கள் பிற்பாடு வந்தவை. வளர்ந்த நாய் 22 முதல் 32 கிலோ வரை இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். மினியேச்சர் என்று உயரம் குறைந்த வகையும் உண்டு. குணம் என்னவோ அதேதான்.

பிட்புல் வேறு, புல் டெரியர் வேறு. மூதாதை ஒன்றுதான் என்றாலும் இரண்டும் தனித்தனி ஜாதி. பெயரில் 'புல்' இருக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாகப் பேசுபவர்கள் நிறையப் பேர். நாளைக்கு உங்கள் அடுத்த ஃப்ளாட்காரரும் அப்படித்தான் பேசுவார் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவிலேயே ஒரு வெள்ளை புல் டெரியர் இருக்கிறது. ரிடையரான டீச்சரம்மாவும் அவர் கணவரும் எட்டு வருஷமாக வளர்க்கிறார்கள். நாத்தனாரை அங்கேதான் முதலில் அழைத்துப் போனேன். அந்த நாய் செய்யும் கோமாளித்தனத்தைப் பார்த்து அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அது வாலை ஆட்டினால் உடம்பு முழுவதும் ஆடும். நாம் உட்கார்ந்தால் போதும், 28 கிலோவும் நம் மடியில்தான் உட்காரும். மனுஷர்கள் என்றால் அவ்வளவு ஆசை.

"ஆசைக்குக் குறைச்சல் இல்லை, பிடிவாதத்துக்கும் குறைச்சல் இல்லை" என்றார் டீச்சரம்மா. "முப்பது வருஷம் பிள்ளைகளைப் பழக்கியவள் நான். இவனைப் பழக்கத்தான் இரண்டு வருஷம் ஆச்சு. ஒரு நாள் நடக்கக் கூட்டிப் போகலைன்னா சோபா நார் நாராகிடும். ரப்பர் பந்து, சாக்ஸ் எதையும் முழுங்கிடுவான்."

தனியே அடைத்துப் போட்டால் சில புல் டெரியர்கள் தன் வாலைத் தானே துரத்திச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று கை தட்டுவார்கள். நிறுத்த முடியாமல் சுற்றினால் அது வியாதி. வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வெள்ளை நிறமும் காதும்

வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்பவர்கள் இதைக் கவனியுங்கள். வெள்ளை புல் டெரியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதோ, இரண்டு காதுமோ பிறவியிலேயே கேட்காது. மற்ற நிறங்களில் இது மிகக் குறைவு. நிறம் தரும் அணுக்கள் உள்காதுக்கும் வேண்டியிருக்கிறது. அவை இல்லாத இடத்தில் கேட்கும் சக்தியும் போய்விடுகிறது.

குட்டி தூங்கும்போது, அது பார்க்காத பக்கமிருந்து கை தட்டிப் பாருங்கள். இரண்டு காதும் கேட்காவிட்டால் அசையாது. ஒரு காது மட்டும் செவிடு என்றால் இந்தச் சோதனையில் தெரியாது. டீச்சரம்மா வீட்டு நாய்க்கு இடது காது கேட்காது என்று ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம். கூப்பிட்டால் எதிர்ப் பக்கம் பார்க்கும். அவர்கள் அதைத் தட்டி எழுப்புவதே இல்லை. தரையைக் காலால் லேசாகத் தட்டி, அதிர்வில் எழுந்த பிறகுதான் தொடுவார்கள். செவிட்டு நாயைத் தூக்கத்தில் திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இது புரியுமா, யோசியுங்கள்.

சிறுநீரகக் கோளாறு, இருதயக் கோளாறு, தோல் அலர்ஜி மூன்றும் இந்த ஜாதியில் பரம்பரையாக வருவதுண்டு. அதனால் தாயையும் தந்தையையும் பார்க்காமல், அவற்றுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. நாய் வளர்த்து விற்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதே விதிதான். பதிவுச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அந்த இடமே வேண்டாம்.

நம் ஊர் வெயிலும் தெரு நாயும்

வெள்ளை நாயின் மூக்கும் காது நுனியும் இளஞ்சிவப்பாக இருக்கலாம். நம் வெயிலில் அவை வெந்து புண்ணாகும். எனவே நடை என்றால் காலை ஏழுக்கு முன்னும், மாலை ஆறுக்குப் பின்னும்தான். கிளம்பும் முன் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

இன்னொன்று, தெரு நாய்கள். நம் தெருக்களில் நாலு நாய் குரைக்காமல் எந்த வீட்டு நாயும் நடந்து போக முடியாது. புல் டெரியர் மனுஷர்களிடம் இழைந்தாலும், மற்ற நாய்கள் வம்புக்கு வந்தால் லேசில் விடாது. பிடித்தால் பிடித்ததுதான். கயிற்றின் இந்த முனையில் இருப்பவருக்குக் கையில் பலம் வேண்டும். ஒன்பது வயதுப் பையன் கையிலோ, ஒரு இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் தாய் கையிலோ அந்தக் கயிற்றைக் கொடுக்க முடியாது.

குழந்தை இருக்கும் வீடு

எந்த ஜாதி நாயானாலும் கைக்குழந்தையோடு தனியே விடக் கூடாது. சின்னக் குழந்தைகளைக் கடிப்பது ஊர் பேர் தெரியாத நாய் மட்டும் அல்ல. தெரிந்த நாயும், பழகிய நாயும் கடிப்பதுண்டு. குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருப்பதால் காயமும் முகத்தில்தான் படும். சாப்பிடும் நாயின் தட்டில் கை வைப்பது, வாலைப் பிடித்து இழுப்பது, மேலே விழுந்து கட்டிக்கொள்வது எல்லாம் தவழும் குழந்தை செய்யக்கூடியவையே. புல் டெரியர் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்ய வேண்டியதில்லை. சந்தோஷத்தில் ஓடி வந்து மோதினாலே குழந்தை விழும், பாட்டியும் விழுவார்.

கடி பட்டுவிட்டால், நம் வீட்டு நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியை வருஷா வருஷம் போட்டு, அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று சொல்லி, உரிமம் தர வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்தப் பட்டியலில் 'டெரியர்' என்று பொதுப்படையாக ஒரு சொல்லும் இருந்தது. அதில் எந்த டெரியர் சேர்த்தி, எது சேர்த்தியில்லை என்று ஒரே குழப்பம். அடுத்த மாதமே அது நீதிமன்றத்தில் நிற்காமல் போயிற்று. மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதும் பேச்சு மறுபடி கிளம்பியது. 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிதாக உரிமம் தருவதில்லை என்று முடிவெடுத்தது.

விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் ஊர் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ நேரில் கேட்டுவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் கேளுங்கள். ஆசையாக வளர்த்துவிட்டு, "நாயை எங்கேயாவது விட்டுவிடுங்கள்" என்று யாராவது சொல்லும்போது பிள்ளைகள் அழுவதைப் பார்க்க முடியாது.

ஒரு காகிதமும் பேனாவும்

இவ்வளவும் கேட்ட பிறகும் நாத்தனாருக்கு முடிவு வரவில்லை. "நாய் நல்ல நாய்தான் அண்ணி" என்றாள். வாஸ்தவம், டீச்சரம்மா வீட்டில் நல்ல நாய்தான். அங்கே இரண்டு பேரும் முழு நேரமும் வீட்டில் இருக்கிறார்கள். சுற்றிலும் மதில் உண்டு. சின்னக் குழந்தை இல்லை. சார் தினமும் இரண்டு வேளை நடக்கிறார்.

அவளிடம் ஒரு காகிதம் கொடுத்து எட்டு வரி எழுதச் சொன்னேன். காலை 5.30 நடை. ஏழு மணிக்குச் சாப்பாடு. பகல் பதினொரு மணிக்கு, குழந்தை தரையில் விளையாடும்போது, நாயைப் பார்த்துக்கொள்வது. மத்தியானம் வெளியே கூட்டிப் போவது. மாலை நடை. வீட்டுக்குள் அசுத்தம் செய்தால் துடைப்பது. ஊசிக்கும் வைத்தியத்துக்கும் அழைத்துப் போவது. மே மாதம் ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் செய்வார்கள் என்று எழுதச் சொன்னேன். எட்டில் ஆறு வரிக்கு "நான்" என்று எழுதினாள். கடைசி வரிக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. மீதி ஒரு வரி, காலை நடை. அதற்கு "அவரும் பையனும்" என்று எழுதினாள்.

அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் வீட்டுக்காரர் முன் வைத்தாள். சண்டை போடவில்லை. "நீங்களும் பையனும் ஒரு மாசம், நாய் இல்லாமலே, தினம் அஞ்சரைக்கு எழுந்து அரை மணி நடங்க. நடந்தா மேற்கொண்டு பேசலாம்" என்று மட்டும் சொன்னாள். பையன் பதினொரு நாள் எழுந்தான். அப்பா நாலே நாள்.

வாக்குத் தவறிவிட்டோமே என்று அவருக்குக் கொஞ்ச நாள் முகம் தொங்கிப் போயிருந்தது. பையன் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அவளும் கலங்கித்தான் போனாள், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. சின்னவள் பள்ளிக்கூடம் போய், சொன்னால் புரிந்துகொள்ளும் வயது வந்த பிறகு மறுபடி பேசுவது என்று முடிவாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் பையன் எங்கள் வீட்டுக்கு வந்து, சாரோடும் நாயோடும் நடக்கிறான். நாயைத் தூக்கத்தில் தொடக் கூடாது, சாப்பிடும்போது கிட்டே போகக் கூடாது என்றெல்லாம் எனக்கே பாடம் சொல்கிறான்.

சகோதரிகளே, நம் வீடுகளில் நாய் வாங்கும் ஆசை ஒருவருக்கு, பணம் ஒருவருக்கு, வேலை மட்டும் நமக்கு என்றுதான் பெரும்பாலும் ஆகிறது. புல் டெரியர் மாதிரி பலமும் பிடிவாதமும் உள்ள நாய்க்கு இது ஒத்தே வராது. அதற்கு வேண்டியது விலையோ பெரிய பங்களாவோ இல்லை, தினசரி ஒரு ஆளின் நேரம். அந்த நேரம் உங்கள் வீட்டில் இருக்கிறதா, மனசார வாங்குங்கள். பாசத்துக்குக் குறைவே இருக்காது. இல்லையென்றால், "இப்போ வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சொன்னால் பையனுக்கு இரண்டு நாள் கோபம். குட்டி வந்த பிறகு சொன்னால், போக இடமில்லாமல் நிற்பது அந்த வாயில்லா ஜீவன்.