குற்றம் செய்யாமல் இருப்பதற்கு ஊக்கத்தொகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதி வேறுபாடு பார்க்காமல் ஒரே மயானத்தைப் பயன்படுத்தும் சிற்றூர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. நல்ல எண்ணத்தில் வந்த அறிவிப்புதான், மறுக்கவில்லை. இறுதிச் சடங்கு நடக்கும் இடத்தையும் பாராட்ட வேண்டும் என்று ஓர் அரசுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். ஆனால் பாராட்டு போய்ச் சேரும் இடம் சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மற்றவர்களுக்குச் சமமாக இடுகாட்டையோ சுடுகாட்டையோ பயன்படுத்துவதைத் தடுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. அப்படியானால் இந்த 10 லட்சம் எதற்கு? சட்டத்தை மீறாமல் இருந்ததற்கு. திருட்டு நடக்காத தெருவைக் கூப்பிட்டுக் காவல் நிலையம் கேடயம் கொடுத்த கதை எங்காவது உண்டா?

அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த அதே ஜனவரியில், மயிலாடுதுறை பக்கத்துத் திருநாள்கொண்டசேரியில் நடந்ததை உங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலித் முதியவர் ஒருவரின் உடலைப் பொது வழியாகக் கொண்டுபோகலாம் என்று உயர் நீதிமன்றமே சொன்ன பிறகும், காவல்துறை உடலை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போய் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டிருந்ததால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காணொளியைப் பார்த்த உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இவ்வளவு நடந்த மாநிலத்தில், தடுத்த ஊர்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்ற பட்டியல்தான் முதலில் வர வேண்டும். பரிசுப் பட்டியலுக்கு அப்புறம் வருவோம்.

அரசுக்கு வேறு வழி தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிசின் உடலைச் சென்னை வேலங்காட்டில் புதைக்கப் போனபோது ஒரு கும்பல் ஆம்புலன்சை அடித்து நொறுக்கியது. கடைசியில் சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். நாடே தலைகுனிந்தது. ஒரே வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது: தொற்றில் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை. கல்லெறியாத தெருக்களுக்கு ஊக்கத்தொகை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மருத்துவருக்கு என்றால் சட்டம், காலனியில் வாழும் தலித்துக்கு என்றால் வெகுமதி காட்டிக் கெஞ்சல். இந்த வித்தியாசம் எனக்குப் புரியவில்லை. புரிகிறது என்பதுதான் உண்மை.

சரி, ஊரும் காலனியும் ஒரே சுடுகாட்டுக்கு வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அங்கே குழி வெட்டுவது யார்? எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இழவு சொல்லப் போவது முதல் மறுநாள் எலும்பு பொறுக்குவது வரை அதே காலனிக் குடும்பங்கள்தான். சேவை என்று ஒன்று இருக்குமானால் அது அவர்கள் செய்வது. வறட்டி அடுக்கி, விறகு வைத்து, வைக்கோல் பரப்பி, மேலே சேறு மெழுகி மூட்டம் போடுகிறார்கள். காற்றுக்கு எங்கே வழி விட வேண்டும் என்பது அந்தக் கைகளுக்குத்தான் தெரியும். ஐப்பசி மழையில் நனைந்த விறகைப் பற்றவைப்பது சாதாரண வித்தையா? கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவார். உடல் முழுக்க வெந்ததா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பவர் வெட்டியான்தான். கூலி? வாய்க்கரிசியோடு விழும் சில்லறை, ஒரு துண்டு, அப்புறம் துக்க வீட்டாரோடு பேரம். அந்தப் பேரத்தையும் அவருடைய பேராசை என்றுதான் ஊர் பேசும். மாதச் சம்பளம் இருந்தால் அவர் ஏன் பிணத்தின் பக்கத்தில் நின்று காசு பேசப் போகிறார்?

நகரங்களில் எரிவாயு தகன மேடை வந்துவிட்டது. புகை குறைந்தது, வாசலில் பூச்செடி வந்தது. பராமரிப்பு பல இடங்களில் அறக்கட்டளைகளின் கையில். திறப்பு விழாக் கல்வெட்டில் கொடையாளர் பெயர் இருக்கும், பொன்னாடையும் அவருக்குத்தான். உள்ளே உலை முன்னால் நிற்பவர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அரசே உருப்படியாக ஒன்றைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. அரசு மருத்துவமனையில் இறந்தவரைக் காசு வாங்காமல் சொந்த ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அமரர் ஊர்தி சேவை. 155377 என்று அழைத்தால் போதும். மகனைப் பறிகொடுத்த ஏழைத் தாய், பிணவறை வாசலில் தனியார் வண்டிக்காரரிடம் கெஞ்ச வேண்டிய நிலையை அது மாற்றியது. அந்த வண்டியை இரவெல்லாம் ஓட்டும் ஓட்டுநரின் பெயர் சுதந்திர தின விருதுப் பட்டியலில் வரட்டும், நானும் கைதட்டுகிறேன்.

ஆகவே அரசு இந்த ஊக்கத்தொகைத் திட்டத்தைத் திருத்தி எழுத வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியிலும் மயானப் பணியாளர் என்று பணியிடம் உருவாக்கி, எந்தச் சாதியினரும் விண்ணப்பிக்கலாம் என்று வெளிப்படையாக ஆள் எடுத்து, மாதச் சம்பளமும் கையுறை, காலணி, காப்பீடும் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வருகிற ஊர் எது என்று அப்போது தெரியும். பரிசு கொடுத்தே தீர வேண்டுமென்றால் அந்த ஊருக்குக் கொடுங்கள். மயானங்களில் உள்ள சாதிப் பெயர்ப் பலகைகளை அகற்றச் சொல்லி 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அதன்படி எத்தனை பலகைகள் இறங்கின, எத்தனை நிற்கின்றன என்ற கணக்கை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். வழியை மறித்தவர்கள் மீது போட்ட வழக்குகளின் கணக்கும் அதோடு சேர்ந்து வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கடலூர் மாவட்டம்.