கட்டிலருகே சொல்லப்படும் கதைகள்

மாலையில் நோயாளிகளைக் காண வரும் உறவினர்களின் பேச்சைச் சற்றே கவனித்துப் பாருங்கள். "சாப்பிட்டீர்களா?", "மாத்திரை போட்டாயிற்றா?", "டாக்டர் என்ன சொன்னார்?", "எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள்?" என்னும் நான்கு கேள்விகளுக்குள் அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பிறகு வந்தவர் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார். படுத்திருப்பவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நான்கு கேள்விகளும் அன்பினால் எழுபவையே. அவற்றைக் குறைகூறும் உரிமை எனக்கில்லை. என் தந்தையின் கட்டிலருகே இருந்த பதினொரு நாள்களில் முதல் ஐந்து நாள்கள் நானும் அவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள், ஊசி போடுவதற்கு நரம்பு தேடிய செவிலியர், "இது என்ன தழும்பு, தாத்தா?" என்று அவரது முன்கையைக் காட்டிக் கேட்டார். நாற்பது ஆண்டுகளாக நான் பார்த்துவரும் தழும்பு அது. ஒருநாளும் நான் அதைப்பற்றிக் கேட்டதில்லை. அப்பா சொல்லத் தொடங்கினார். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, இப்பகுதிப் பட்டறை ஒன்றில் வெல்டிங் கற்றுக்கொண்ட முதல் மாதத்தில் பட்ட காயமாம். முதல் சம்பளத்தில் வேட்டி ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறார். நிலத்தை விட்டுப் போனவன் என்ற கோபத்தில் தாத்தா முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தக் காயத்தைப் பார்த்தபின்தான் வேட்டியை வாங்கிக்கொண்டாராம்.

"நீ சிங்கப்பூர் போகிறேன் என்றபோது நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேனே, நினைவிருக்கிறதா? என் அப்பா செய்ததை நான் செய்யக்கூடாது என்றுதான்" என்று முடித்தார். அந்த மௌனத்தைக் கோபம் என்றெண்ணிப் பல ஆண்டுகள் மனத்துக்குள் சுமந்திருந்தவன் நான். செவிலியர் கேட்ட ஒரு கேள்வி அந்தச் சுமையை இறக்கிவைத்தது.

துவாக்குடி, திருவெறும்பூர்ப் பகுதிக் குடும்பங்களில் இத்தகைய கதைகள் ஏராளமாக இருக்கும். 1964இல் இங்கே மண்டலப் பொறியியற் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுவே 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. கல்லூரி தொடங்கப்பட்ட அதே பத்தாண்டில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் எழுந்தன. அவற்றைச் சார்ந்து பட்டறைகள் பெருகின. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று சென்னையிலும் அயல்நாடுகளிலும் இருக்கிறார்கள். விமான நிலையத்துக்குச் செல்லும் வழியை அறிந்த அந்தப் பிள்ளைகளுக்குத் தாத்தா எந்த ஊரிலிருந்து, எதை விட்டுவிட்டு வந்தார் என்பது தெரிவதில்லை.

தெரியாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகியோர் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், தனக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பன போன்ற இருபது வினாக்களை வகுத்துப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். குடும்பத்தின் கதையை மிகுதியாக அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்வு தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் மிகுதியாக இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்வித்தால் இந்தப் பயன் கிட்டிவிடாது என்பதையும் அவர்கள் வற்புறுத்துகிறார்கள். ஒருவருக்கொருவர் நேரம் ஒதுக்கி அமர்ந்து பேசும் வீட்டில்தான் அத்தகைய செய்திகள் பிள்ளைகளின் காதுகளை எட்டுகின்றன.

அவர்கள் கண்ட மற்றொன்று நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்தும். உயர்ந்த கதையை மட்டும் சொல்லும் குடும்பத்தைவிட, உயர்வையும் தாழ்வையும் சேர்த்துச் சொல்லும் குடும்பமே பிள்ளைகளுக்கு உறுதியளிக்கிறது. நாமோ கடன்பட்டதையும், தேர்வில் தோற்றதையும், வேலை இழந்ததையும் பிள்ளைகளிடம் மறைப்பதே பாசம் என்று எண்ணுகிறோம். நோயால் சோர்ந்திருக்கும் வீட்டில் பிள்ளை அறிய வேண்டியது, இதற்கு முன்பும் இக்குடும்பம் விழுந்து எழுந்திருக்கிறது என்பதைத்தானே?

"முதியவர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் சலிப்பு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இலேயே இதற்கு விடையளித்திருக்கிறார். முதுமையில் மனம் கடந்த வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, அதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகக் கருதக்கூடாது என்றார் அவர். ஒரே கதை மீண்டும் வருகிறதென்றால், அதில் இன்னும் கேட்கப்படாத பகுதி ஒன்று இருக்கலாம் என்பது என் எண்ணம். "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நோயாளிக்கு ஓய்வல்லவா தேவை என்ற தயக்கம் நியாயமானது. மூச்சுத்திணறலோ கடும் வலியோ உள்ளவரைப் பேசவைக்கக் கூடாது. எவ்வளவு நேரம் பேசலாம் என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய பூசல்களைக் கிளறவோ, சொத்துக் கணக்குப் பேசவோ இது இடமன்று. சொல்ல விரும்பாத நினைவை வற்புறுத்தி வாங்குவதும் தவறு. ஆனால் முதியவர்களுக்கு அமைதியான பேச்சு மருத்துவ வகையிலும் உதவுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் தொற்றுக் காலத்திலும் அவர்களுக்கு இடமும் காலமும் குழம்பிப்போவதுண்டு. பழகிய முகம் அருகில் இருப்பதும், இன்று என்ன கிழமை, நாம் எங்கே இருக்கிறோம் என்று மெல்ல எடுத்துச் சொல்வதும், அவர்களுடைய மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் கையருகே வைத்திருப்பதும் அக்குழப்பத்தைக் குறைக்கத் துணைசெய்யும். திடீரெனக் குழப்பம் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஊரையே கேள்வியாக்கலாம். "1977 வெள்ளத்தின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?", "ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். 236 அடி உயர ராஜகோபுரம் 1987இல் நிறைவு பெறும்வரை அது அப்படித்தான் நின்றது. திருச்சியில் அக்காலத்தில் வாழ்ந்த எவரிடமும் அதைப்பற்றிச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும். பிறகு அவரிடமிருந்தே அடுத்த கேள்வி கிடைத்துவிடும். பேச்சு பத்து நிமிடம் போதும். அவர் சம்மதித்தால் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். படுத்திருப்பவர் இளையவரானால் முறை மாறட்டும். வந்திருக்கும் பெரியவர் தம் கதையை அவருக்குச் சொல்லட்டும்.

என் தந்தை நலம்பெற்று வீடு திரும்பினார். அதன்பின் எட்டு மாதங்கள் இருந்தார். அந்த எட்டு மாதங்களில் நாங்கள் பேசியது அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் பேசியதைவிட அதிகம். ஆனால் அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். இருபது வயதில் முன்பின் அறியாத இந்தத் தொழிற்பேட்டை ஊருக்கு வந்து இறங்கிய முதல் இரவு அவருக்கு எப்படி இருந்தது என்று என் மகள் கேட்கிறாள். அப்பா அன்று இரவுப் பணியில் இருந்தாராம். ஆகவே அவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் இப்போது எவரும் இல்லை.

இன்று மாலை கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு அமரும்போது, மாத்திரையைப்பற்றிக் கேட்டு முடித்தபின், இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.